கேளுங்க சொல்றோம்: யானை மேல செத்த ராஜாக்களும் ஒரு வேட்டை நாயும்

போன இதழ்ல திருப்புறம்பியம் போரைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதியிருந்தோம், அதுக்கு வந்த லெட்டரைப் பாத்தா மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ள வேண்டியதா போச்சு. மாடித்தோட்டம் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, இந்த தடவை பூரா ராஜாக்கள் சண்டைதான்.

அண்ணே, எனக்கு சுவாமிமலை. திருப்புறம்பியம் எங்களுக்கு சைக்கிள்ல போற தூரம். அங்க பெரிய போர் நடந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. சண்டை போட்டது மதுரைக்காரனும் காஞ்சிபுரத்துக்காரனும், ரெண்டு பேருமே நம்ம ஊர் ஆளு இல்ல, அப்புறம் எதுக்கு இங்க வந்து அடிச்சுக்கணும்?

நல்லா கேட்டீங்க தம்பி. மதுரைக்கும் காஞ்சிக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க, நம்ம வயல்தான் இருக்கு. நெல்லு எவன் கையில இருக்கோ அவன்தான் படையை வச்சு சோறு போட முடியும், அதனால பல்லவனும் பாண்டியனும் அந்த நூறு வருஷமா மாத்தி மாத்தி இங்கயேதான் வந்து மோதிக்கிட்டு இருந்தாங்க. வந்தவாசிப் பக்கம் தெள்ளாத்துல மூணாம் நந்திவர்மன் பாண்டியனை அடிச்சு வைகை வரைக்கும் துரத்தினான். அதுக்கு பதிலா ஸ்ரீமாற ஸ்ரீவல்லபப் பாண்டியன் குடமூக்குல, அதாவது நம்ம கும்பகோணத்துல, பல்லவன், கர்நாடகப் பக்கத்து கங்கன், சோழன் எல்லாரும் சேந்து வந்த கூட்டணியையே தோக்கடிச்சான்னு சின்னமனூர் பெரிய செப்பேடு சொல்லுது. அப்புறம் நிருபதுங்க பல்லவன் அரிசிலாத்தங்கரையில பாண்டியனை ஜெயிச்சான்னு பாகூர் செப்பேடு சொல்லுது. கவனிச்சீங்களா, பாண்டியன் செப்பேட்டுல குடமூக்கு இருக்கும், அரிசிலாறு இருக்காது, பல்லவன் செப்பேட்டுல அப்படியே திருப்பிப் போட்டிருக்கும். தோத்த சண்டையை எவனும் காசு குடுத்து செம்புல வெட்டி வைக்க மாட்டான்ல.

இதெல்லாம் எந்த மாசத்துல நடந்திருக்கும்னு கேட்டா, என் கணக்கு அறுப்பு முடிஞ்சு காவிரியும் கொள்ளிடமும் மணலா கிடக்குற கோடையாத்தான் இருக்கணும், ஐப்பசி அடைமழையில யானையையும் குதிரையையும் இந்த சேத்துல எறக்கிப் பாருங்க தெரியும். களத்துல நெல்லு குமிஞ்சு கிடக்குறதும் அந்த நேரம்தான், வர்ற படைக்கு வசதியா.

இப்ப உங்க ஊர் சண்டைக்கு வருவோம். சுமாரா 880 வாக்குல ஒரு பக்கம் ரெண்டாம் வரகுண பாண்டியன், எதிர்ல பல்லவன் அபராஜிதன், அவனுக்குத் துணையா கங்க அரசன் முதலாம் பிருதிவிபதி, அந்தப் பக்கத்துலயே தஞ்சாவூர் சோழன் ஆதித்தன். பாண்டியன் தோத்தான். ஆனா ஜெயிச்ச பக்கத்துல பிருதிவிபதி களத்துலயே செத்துட்டான். இது நமக்கு எப்படித் தெரியுதுன்னா அவனோட பேரன் ரெண்டாம் பிருதிவிபதி பின்னால பராந்தக சோழன் காலத்துல வெட்டின உதயேந்திரம் செப்பேட்டுலதான். ஸ்ரீபுறம்பியத்துல வரகுணனை ஜெயிச்சு, தன் நண்பனுக்கு அபராஜிதன்ங்கிற பேரை உண்மையாக்கிட்டு தாத்தா உயிரை விட்டாருன்னு அதுல இருக்கு. அபராஜிதன்னா தோல்வியே பாக்காதவன்னு அர்த்தம். பாவம், அந்தப் பேரு ரொம்ப நாள் தாங்கல, கொஞ்ச வருஷத்துல ஆதித்தனே திரும்பி அவனை முடிச்சுட்டான். பல்லவன் இருந்த யானை மேலயே பாஞ்சு கொன்னான்னு வீரராஜேந்திரனோட கன்னியாகுமரி கல்வெட்டு சொல்லுது.

எனக்கு இந்த சண்டையில பிடிச்சதே இந்த கணக்குதான். பெரிய கை ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சு ஓய்ஞ்சு போச்சு, துணைக்கு வந்த சின்ன ஆளு நாட்டை எடுத்துக்கிட்டான். ஆதித்தனோட அப்பா விஜயாலயன் 850 வாக்குலதான் தஞ்சாவூரையே புடிச்சிருந்தான், அதுக்கு முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் முத்தரையர் கையில. செந்தலை கோயில் தூண்கள்ல முத்தரையர் போட்ட சண்டைகளைப் பாட்டாவே வெட்டி வச்சிருக்காங்க, பூதலூர் பக்கம் போறவங்க எறங்கிப் பாருங்க.

வணக்கம் சார். வாதாபியில இருந்து பரஞ்சோதி பிள்ளையாரைக் கொண்டு வந்தாருன்னு எங்க பக்கம் எல்லாரும் சொல்றாங்க. எழுத்துல இருக்கா? (ஒரு வாசகி, திருமருகல்)

வாதாபி போனது உறுதிங்க. பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 642-ல சாளுக்கிய ராஜா ரெண்டாம் புலிகேசியோட தலைநகரமான வாதாபியைப் புடிச்சான், அவனோட கல்வெட்டு பாதாமி (வாதாபிக்கு இப்ப அதான் பேரு) பாறையிலயே இருக்கு. பரஞ்சோதிதான் பின்னாடி சிறுத்தொண்டரா திருச்செங்காட்டங்குடியில இருந்தாருன்னு பெரியபுராணம் சொல்லுது, ஆனா வாதாபியில இருந்து என்னென்ன அள்ளிட்டு வந்தாருன்னு சேக்கிழார் போடுற லிஸ்ட் "பன்மணியும் நிதிக்குவையும் பகட்டினமும் பரித்தொகையும்" அவ்வளவுதான். மணி, பணம், யானை, குதிரை. பிள்ளையார் அந்த லிஸ்ட்ல இல்ல. கும்புடுறதுக்கு லிஸ்ட் எதுக்கும்மா, நீங்க பாட்டுக்கு கும்புடுங்க, எழுத்துல இருக்கான்னு கேட்டதாலதான் சொன்னேன்.

தக்கோலம் போர்ல ராஜாதித்தன் எப்படி செத்தான்? வஞ்சகமா கொன்னாங்கன்னு ஒருத்தர் சொல்றாரு, நேரா நின்னு சண்டை போட்டுத்தான் செத்தான்னு இன்னொருத்தர் சொல்றாரு, டீக்கடையில தினம் இதே பஞ்சாயத்து. (காட்டுமன்னார்கோயில்)

உங்க ஊர்ல இந்த பஞ்சாயத்து நடக்கலன்னாதான் ஆச்சரியம். வீராணம் ஏரியே சோழ இளவரசன் ராஜாதித்தனோட அப்பா பராந்தகன் பட்டப்பேர்ல இருக்கு, வீரநாராயணன்.

949-ல அரக்கோணம் பக்கம் தக்கோலத்துல தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட ராஜா மூணாம் கிருஷ்ணனுக்கும் சோழனுக்கும் போர். கிருஷ்ணனுக்காக முன்னால நின்னது அவனோட மச்சான் கங்க அரசன் பூதுகன். யானை அம்பாரியில இருந்த ராஜாதித்தன் நெஞ்சுல அம்பு பாஞ்சு செத்தான்னு நம்ம ஆனைமங்கலம் செப்பேடு சொல்லுது, அதான் இப்ப லெய்டன் செப்பேடுன்னு சொல்றது. எதிரி பக்கத்து சாட்சி எங்க இருக்கு தெரியுமா, ஒரு நாயோட நடுகல்லுல இருக்கு! கர்நாடகாவுல மண்டியா பக்கம் ஆத்தகூர்னு ஒரு ஊர். தக்கோலத்துல நல்லா சண்டை போட்ட மணலேரன்ங்கிற பூதுகனோட வீரனை என்ன பரிசு வேணும்னு கேட்டிருக்காங்க, அவன் ஊரையோ பொன்னையோ கேக்காம காளின்னு ஒரு வேட்டை நாயைக் கேட்டு வாங்கிட்டுப் போனான். அந்த நாய் அப்புறம் ஒரு பெரிய காட்டுப்பன்னியோட மோதி ரெண்டும் செத்துப் போச்சு. நாய்க்கு கல்லு நட்டு, நாயும் பன்னியும் மோதுற மாதிரி செதுக்கி, கூடவே ராஜாதித்தனை பூதுகன் கொன்ன கதையையும் எழுதி வச்சாங்க. கல்லு இப்ப பெங்களூரு மியூசியத்துல இருக்கு. அதுல ஒரு வரியை சில பேர் கட்டிப்புடிச்சு குத்தினான்னு படிக்கிறாங்க, அதுல இருந்துதான் வஞ்சகம்ங்கிற பேச்சே கிளம்புச்சு. என்னைக் கேட்டா யானை மேல இருக்குறவனைத்தான் எல்லாரும் குறி வைப்பாங்க, தூரத்துல இருந்தே தெரியுற இடம், இதுல வஞ்சகத்துக்கு என்ன அவசியம். அபராஜிதனும் யானை மேலதான் போனான், 1054-ல சாளுக்கியரோட கொப்பத்துல மோதின சோழன் ராஜாதிராஜனும் யானை மேலதான் போனான். யானை மேல் துஞ்சிய தேவர்னு ரெண்டு சோழங்களுக்கு பேரு இருக்குன்னா பாத்துக்குங்க. கொப்பத்துல மட்டும் தம்பி ரெண்டாம் ராஜேந்திரன் களத்துலயே முடி சூட்டிக்கிட்டு தோக்கப் போன சண்டையைத் திருப்பினான், தக்கோலத்துல அப்படி யாரும் இல்ல.

இன்னொரு ஆளையும் சொல்லணும். சதுரானன பண்டிதர்னு, பிறப்பால கேரளத்துக்காரர், ராஜாதித்தனுக்கு உயிர் நண்பர். போர்ல அவன் கூட நின்னு சாகலயேன்னு மனசு உடைஞ்சு, கங்கையில முழுகி, துறவியாகி திருவொற்றியூர் மடத்துக்கு வந்துட்டாரு. அந்தக் கல்வெட்டு யாரு ஆட்சி வருஷத்துல வெட்டினது தெரியுமா? அதே மூணாம் கிருஷ்ணன், தொண்டைநாடு அப்ப அவன் கையில. நண்பனைக் கொன்ன பக்கத்து ராஜா பேரைத் தலைப்புல போட்டுத்தான் தன் துக்கத்தையே எழுத வேண்டியிருந்துச்சு அந்த மனுசனுக்கு.

திருப்புறம்பியம் நடந்தப்ப உலகத்துல வேற எங்க என்ன நடந்துச்சு? (பிளஸ் டூ மாணவி, மன்னார்குடி)

எல்லா எடத்துலயும் அடிதடிதான் தங்கச்சி. இங்கிலாந்துல ஆல்பிரட் 878-ல டேனிஷ்காரங்களை எடிங்டன்ல அடிச்சு நிறுத்தினான். 885-ல வைக்கிங் கப்பலுங்க பாரிஸை முற்றுகை போட்டுச்சு. ஆனா நம்ம கரைக்கு வலிச்சது சீனாவுலதான், ஹுவாங் சாவோன்னு ஒரு கலகக்காரன் 879-ல கான்டன் துறைமுகத்தைப் புடிச்சு அங்க இருந்த வெளிநாட்டு வியாபாரிங்களைக் கொன்னு குவிச்சான், 881-ல தாங் அரசரோட தலைநகரமே அவன் கையில. அதுக்கப்புறம் கப்பல்காரங்க கொஞ்ச காலம் சீனா வரைக்கும் போகாம மலேயா பக்கமே நின்னு யாவாரம் பண்ணாங்க. சோழன் தூதருங்க சீனா போய் சேந்தது 1015-ல.

ராஜராஜனோட அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு, ஒரே வரியில சொல்லுங்க பாப்போம். (திருவிடைமருதூர்)

ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் மூணு அண்ணந்தம்பி பேரை துரோகின்னு போட்டு உடையார்குடி கல்வெட்டு சொல்லுது, ஆனா அது கொலை விசாரணைத் தீர்ப்பு இல்ல, அவங்களும் சொந்தக்காரங்களும் வச்சிருந்த நிலத்தை எடுத்து வித்த விவகாரம், அதுவும் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாவது வருஷம். தூண்டிவிட்டது யாருன்னு அதுல ஒரு எழுத்து கூட கிடையாது, அதனால டீக்கடைக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு வேலை இருக்கு.

ஜெயிச்சவங்க எதையாவது இடிக்காம விட்டிருக்காங்களா சார்? (பட்டுக்கோட்டை)

விட்டிருக்காங்க, கொஞ்சம் பின்னாடி காலம்தான் ஆனாலும் சொல்றேன். 1216-ல பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் "தஞ்சையும் உறந்தையும் செந்தழல் கொளுத்தி"ன்னு பெருமையா மெய்க்கீர்த்தி போட்டுக்கிட்டவன், எரிச்ச எடத்துல கழுதையைப் பூட்டி உழுதேன்னு வேற சொல்லிக்கிறான். அவனே உறந்தைங்கிற அந்த உறையூர்ல ஒரு பதினாறு கால் மண்டபத்தை மட்டும் தொடல, ஏன்னா அது பட்டினப்பாலை பாடினதுக்கு சங்ககாலச் சோழன் கரிகாலன் புலவருக்குக் குடுத்த மண்டபமாம். திருவெள்ளறையில பாட்டாவே வெட்டி வச்சிருக்கு. பாட்டுக்கு மரியாதை, நெல்லு விளையுற வயலுக்கு கழுதை ஏரு.

லீவுக்கு சென்னையில இருந்து அக்கா பசங்க வர்றாங்க, போர் சம்பந்தமா காட்டணும்னா எங்க கூட்டிட்டுப் போகலாம்? (பாபநாசம்)

திருப்புறம்பியம் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே ஊர்ல விசாரிங்க, கங்க ராஜா பள்ளிப்படைன்னு, அதாவது செத்த ராஜா நினைவா எழுப்பினதுன்னு, ஒரு சின்ன கோயிலைக் காட்டுவாங்க. மறுநாள் தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம். அங்க ஒரு கருங்கல் துவாரபாலகர் நிப்பாரு, முகவெட்டே நம்ம ஊர் சிலை மாதிரி இருக்காது, பசங்களே கண்டுபுடிச்சுடுவாங்க. பீடத்துல "கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்"னு தமிழ்லயே வெட்டியிருக்கும். ராஜாதிராஜன் சாளுக்கியர் தலைநகரத்தை அடிச்சுட்டு தூக்கிட்டு வந்தது, ரொம்ப காலம் தாராசுரத்துல இருந்துச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்க, முதல்ல படிக்கிறவனுக்கு அரண்மனை வாசல்ல நன்னாரி சர்பத் வாங்கிக் குடுங்க.