த்ரீடி பிரின்டிங் வீடு என்றால் என்ன? சுவர் எப்படி நிற்கிறது?

கணினியில் வரைந்த படத்தின்படி, இயந்திரக் குழாய் ஒன்று கான்கிரீட் கலவையைப் பிழிந்துகொண்டே போய், வரிமேல் வரியாகச் சுவரை எழுப்புவதுதான் த்ரீடி பிரின்டிங். சென்னை ஐஐடி வளாகத்தில் 2021 ஏப்ரலில் இப்படி ஒரு 600 சதுர அடி வீடு திறக்கப்பட்டது. 2023இல் பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு அஞ்சலகமே வந்துவிட்டது.

சூட்சுமம் கலவையில் இருக்கிறது. முறுக்கு பிழிந்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். மாவு இளகிப்போனால் வடிவம் நிற்காது, இறுகிப்போனால் அச்சைத் தாண்டி வராது. இந்தக் கலவையும் அப்படித்தான்: குழாய்க்குள் வழுக்கி ஓட வேண்டும், வெளியே வந்ததும் அடுத்த வரியின் பாரத்தைத் தாங்க வேண்டும். இந்தப் பதம் கிடைத்துவிட்டால், கான்கிரீட் இறுகும்வரை தாங்கிப் பிடிக்கச் சுவருக்குப் பலகை அடிக்கும் வேலையே இல்லை. நேரம் மிச்சமாவது பெரும்பாலும் அங்கேதான். வளைந்த சுவருக்கும் தனிச் செலவு கிடையாது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பட்டனைத் தட்டினால் முழு வீடும் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இயந்திரம் பிழிவது பெரும்பாலும் சுவரை மட்டுமே, கம்பி கட்டவும் வயரிங், பிளம்பிங் செய்யவும் ஆட்கள் வேண்டும்.