கோரில் சிக்காத விரிசல்

வணக்கம். எங்கள் எண்ணெய் வயலின் மணற்பாறையில் உட்புகுதிறன் (திரவம் பாறையை ஊடுருவிச் செல்லும் எளிமை) வெறும் 0.5 மில்லிடார்சி. நில அதிர்வலை அளவீட்டைக் கொண்டு பாறை அடுக்கு வளைந்த இடங்களைக் காட்டும் சைஸ்மிக் வளைவு வரைபடம் சிவப்பாகக் காட்டிய இடத்தில் மூன்று செங்குத்துக் கிணறுகள் தோண்டிக் கோர் (உருளை வடிவப் பாறைத் துண்டு) எடுத்தோம். இயற்கை விரிசல் ஒன்றுகூட இல்லை. வளைவை நம்பியதே தவறா?

அன்புள்ள நண்பருக்கு,

வரைபடத்தைக் கிழிக்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். செங்குத்தான விரிசல்கள் 1 மீட்டருக்கு ஒன்று, கோரின் விட்டம் 10 செ.மீ. என்றால், ஓர் அடுக்கில் ஒரு விரிசல் கோரில் மாட்ட வாய்ப்பு பத்தில் ஒன்று. மூன்று கிணற்றிலும் மாட்டாமலே போக 0.9 × 0.9 × 0.9, அதாவது சுமார் 73 சதவீதம். உங்கள் கோர்கள் எதையும் பொய்யாக்கவில்லை.

மேற்கு டெக்சஸின் ஸ்ப்ராபெரி எண்ணெய் வயலைப் பாருங்கள். பாறை அங்கும் 1 மில்லிடார்சிக்குக் கீழேதான். ஆனால் எண்ணெயைத் தள்ளுவதற்காகச் செலுத்திய தண்ணீர் விரிசல்களின் வழியே வடகிழக்கு–தென்மேற்காக ஓடி அந்த வரிசைக் கிணறுகளுக்கே முதலில் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் கிடைமட்டமாகத் தோண்டிய கிணற்றில் கோர் எடுத்தபோது, ஒரே இடத்தில் மேலும் கீழுமாக உள்ள இரு அடுக்குகளில் விரிசல்களின் திசையே வேறாக இருந்தது. அடுக்குக்கு அடுக்கு பாறையின் உறுதி மாறியதுதான் காரணம். இதை எந்த வளைவு வரைபடமும் காட்டாது. பாறை வளைந்த இடத்தை அது சொல்லும். உடைந்ததா என்பதைச் சொல்லாது. களிமண் மிகுந்த அடுக்கு வளைந்துகொடுக்கும், சிமென்ட் இறுகிய மெல்லிய அடுக்கு நெருக்கமாக உடையும். தவிர, வளைவு இரண்டாம் வகைக்கெழு, அதாவது சரிவு எவ்வளவு மாறுகிறது என்ற கணக்கு. அடுக்கின் பரப்பைக் குறிக்கையில் நேரும் சிறு பிழையையும் பெரிதாக்கிவிடும். சிவப்புக் கோடுகள் சைஸ்மிக் சர்வே எடுத்த கோடுகளுக்கு இணையாக ஓடினால் நான் நம்பமாட்டேன்.

புதிதாகச் செலவு செய்யுமுன் துளையிட்ட நாள் அறிக்கைகளைப் புரட்டுங்கள். துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் சேறு திடீரென்று பீப்பாய்க் கணக்கில் பாறைக்குள் இறங்கிப் பிறகு மெல்ல அடங்கியிருந்தால் விரிசலைச் சந்தேகிக்கலாம். சீராகக் கசிந்திருந்தால் அது பாறையின் துளைகள். கிணற்றின் அழுத்தச் சோதனை 5 மில்லிடார்சி தந்து கோர் 0.5 தந்தால், அந்தப் பத்து மடங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். இமேஜ் லாக் (கிணற்றுச் சுவரின் படம்) எடுப்பதானால் சேறு எண்ணெய் சார்ந்ததா என்று பாருங்கள்: வழக்கமான மின்தடைக் கருவி அதில் குருடு, அல்ட்ராசானிக் கருவியோ எண்ணெய்ச் சேற்றுக்கென்றே செய்த மின்தடைக் கருவியோ வேண்டும்.

நான்காம் கிணற்றைச் சாய்த்துத் தோண்டுங்கள், விரிசல் திசைக்குக் குறுக்காக. 45 பாகைச் சாய்வில் 30 மீட்டர் தடிமனைக் கடந்தால் பக்கவாட்டிலும் 30 மீட்டர் போவீர்கள். அதே இடைவெளியில் முப்பது விரிசல்கள் குறுக்கிடும். திசை தெரியும்வரை தண்ணீர் செலுத்தும் கிணற்றின் இடத்தை முடிவு செய்ய வேண்டாம்.