டமாஸ்கஸ் கத்தியின் அலைக்கோடு அச்சா, அசலா?
கையால் அடித்த பெரிய டமாஸ்கஸ் சமையல் கத்தியின் கோடுகள் வெறும் அச்சா, அதனால் கூர்மை கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல கத்தியில் அச்சு இல்லை. நிக்கல் கலந்த எஃகையும் கலக்காத கார்பன் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் காய்ச்சி, ஒன்றாக ஒட்டும்வரை அடித்து மடிப்பார்கள். தீட்டியபின் உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் தோய்த்தால் கார்பன் எஃகு கறுக்கும், நிக்கல் எஃகு பளபளக்கும். தேய்த்து அழித்தாலும், மறுபடி தோய்த்தால் கோடு திரும்ப வரும். அச்சடித்தது வராது.

பழைய டமாஸ்கஸ் வாள்கள் வேறு வகை. மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்தில், உருக்கிய எஃகுக்குள் கார்பைடு என்ற கடினமான இரும்பு-கார்பன் சேர்மம் தானாகவே வரிவரியாகப் படிந்தது. ஈரோடு மாவட்டத்தில் உள்ள நம் பழைய ஊரான கொடுமணலிலும் மூசை எஃகுத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. எனக்கு இன்றும் வியப்பு அதுதான்.

கூர்மையோ, விளிம்பு எஃகையும் அதைப் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்தது. புளிப்புப் பட்டால் உடனே கழுவித் துடையுங்கள், கார்பன் எஃகு துருப்பிடிக்கும்.