மாணவரின் பல்லூடகக் கதைக்கு எதைப் பார்த்துப் புள்ளியிடுவது?
தரம் 10 மாணவர் உருவாக்கும் மூன்று நிமிடக் காணொளிக் கதைகளை மதிப்பிடும் முறையைக் கேட்டிருக்கிறீர்கள். முதலில் திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். இந்தக் கதை சொல்பவருக்கு ஏன் முக்கியம் என்பது அப்போதே புலப்பட வேண்டும். அடுத்து, படம் சொற்களையே திருப்பிச் சொல்கிறதா, அவை சொல்லாததைச் சேர்க்கிறதா என்று கவனியுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றிப் பேசும் மாணவி, இணையத்தில் எடுத்த தீயின் படத்தை விட்டு, அங்கே படித்த தன் அம்மம்மாவின் கைகளைக் காட்டினால், என் கணிப்பில் அதுவே கூடுதல் புள்ளிக்குரிய தெரிவு. பின்னணி இசை குரலை மூழ்கடிப்பது நான் அடிக்கடி காணும் குறை. படம்பிடிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். மென்பொருள் அலங்காரங்களுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஏனெனில் நல்ல கைபேசி எல்லாப் பிள்ளைகளிடமும் இல்லை. முதல் வரைவையும் வாங்கி வைத்து, மாணவர் எதை நீக்கினார் என்பதற்கும் புள்ளியிடுங்கள்.