ஸ்டாட்டினுக்குப் பதிலாக நியாசின் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. ரத்தக் கொழுப்பு டெஸ்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 158, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34, டிரைகிளிசரைடு 210. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அடோர்வாஸ்டாட்டின் சாப்பிட்டபோது தொடை வலித்ததால் நானே நிறுத்திவிட்டேன். "நியாசின் வெறும் வைட்டமின்தான், நல்ல கொழுப்பு ஏறும்" என்று நண்பர் ஒருவர் 500 மி.கி. மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். டப்பாவில் 'முகம் சிவக்காது' என்று போட்டிருக்கிறது. மருத்துவரிடம் போகாமல் இதையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

நியாசின் என்பது வைட்டமின் பி3. வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 16 மி.கி. போதும், அது சாதாரண உணவிலேயே கிடைத்துவிடும். கொழுப்பைக் குறைக்க வேண்டுமானால் 1,000 முதல் 3,000 மி.கி. வரை தேவை. அந்த அளவுக்குப் போய்விட்டால் அதை மருந்தாகத்தான் பார்க்க வேண்டும், பக்கவிளைவுகளும் மருந்துக்கு உள்ளவைதான்.

ரிப்போர்ட்டில் எண்கள் மாறும் என்பது நிஜம். 1955-லேயே கனடாவில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்டிஎல் ஓரளவு இறங்கும், டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும், எச்டிஎல் வேறு பல மருந்துகளைவிட அதிகமாக ஏறும். ஸ்டாட்டின் வருவதற்கு முன், ஒருமுறை மாரடைப்பு வந்தவர்களுக்கு நியாசின் கொடுத்துப் பார்த்த ஆய்வில் மறுபடி மாரடைப்பு வருவது குறைந்தது. அதனால்தான் மருத்துவர்கள் பல வருடம் இதை நம்பி எழுதினார்கள்.

நம்பிக்கை உடைந்தது இரண்டு பெரிய ஆய்வுகளில். ஸ்டாட்டினோடு நியாசினையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த எய்ம்-ஹை ஆய்வில் எச்டிஎல் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை. பலன் தெரியாததால் 2011-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அடுத்தது 25,000-க்கும் மேற்பட்டவர்களை நான்கு வருடம் போலக் கவனித்த எச்பிஎஸ்2-த்ரைவ், 2014-ல் முடிவு வெளியானது. அதிலும் இதயத்துக்கு லாபம் இல்லை. அதோடு, புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள், ஏற்கெனவே இருந்த சர்க்கரை கைமீறிப் போனவர்கள், ரத்தக்கசிவும் நோய்த்தொற்றும் வந்தவர்கள் எல்லோருமே நியாசின் எடுத்தவர்களில்தான் அதிகம். எச்டிஎல் எண்ணை மருந்தால் ஏற்றிவிட்டால் இதயம் பிழைத்துக்கொள்ளும் என்ற கணக்கே பொய்த்துப்போனது. எல்லைக்கோட்டில் சர்க்கரை உள்ள உங்களுக்கு நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சரி, கையில் இருக்கும் டப்பாவுக்கு வருவோம். கொழுப்பைக் குறைப்பது நிகோடினிக் அமிலம் என்ற வடிவம் மட்டும். அதைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் காது மடல் சூடாகும், முகமும் கழுத்தும் மார்பும் சிவந்து எரியும், அரிக்கும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தோலில் உள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து ரத்தக்குழாய்களை விரியச் செய்வதால் வருவது இது. 'முகம் சிவக்காது' என்று விற்பவற்றில் பெரும்பாலும் நியாசினமைடு அல்லது இனோசிட்டால் நிகோடினேட் இருக்கும். லேபிளின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். நியாசினமைடு கொழுப்பைக் குறைக்காது. மற்றதையும் நம்ப முடியாது. மாத்திரை சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியில் உங்கள் 158 அப்படியே இருக்கும், அதுதான் எனக்குக் கவலை.

மெதுவாகக் கரையும் நியாசினும் உண்டு. அதிலும் சிவப்பு குறைவுதான், ஆனால் கல்லீரல் பாதிப்பு அதிகம். சாதாரண நியாசின் எடுப்பவர் அதே அளவில் இதற்கு மாறினாலே கல்லீரல் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. யூரிக் அமிலமும் ஏறும், கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டுவலி) உள்ளவர்களுக்கு வலி கிளம்பும். வயிற்றுப்புண் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது.

உண்மையில் தீர்க்க வேண்டியது உங்கள் தொடை வலியை. ஸ்டாட்டினால் தசைவலி வருவது உண்டு, ஆனால் அதன்மேல் பழி போடும் வலியெல்லாம் அதனால் வருவதில்லை. சாம்சன் என்ற ஆய்வில், ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாமல் விட்டவர்களுக்கே ஒரு மாதம் ஸ்டாட்டின், ஒரு மாதம் வெற்று மாத்திரை, ஒரு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டின் மாதத்தில் பட்ட தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. வலியே பொய் என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), தைராய்டு டெஸ்ட் இரண்டும் கேளுங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் கொழுப்பும் ஏறும், தசையும் வலிக்கும், இரண்டுக்கும் ஒரே காரணமாகக்கூட இருக்கலாம். அது சரியாக இருந்தால் வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வழிகள் இருக்கின்றன. ரோசுவாஸ்டாட்டினைக் குறைந்த அளவில் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். எதுவுமே ஒத்துவராவிட்டால் ஸ்டாட்டின் அல்லாத கொழுப்பு மருந்துகளான எசெட்டிமைப் இருக்கிறது, பெம்பிடோயிக் அமிலம் இருக்கிறது. பெம்பிடோயிக் அமிலம் ஸ்டாட்டின் தாங்காதவர்களுக்கே கொடுத்துப் பார்த்து, மாரடைப்பைக் குறைக்கிறது என்று 2023-ல் நிரூபிக்கப்பட்ட மருந்து. யூரிக் அமிலத்தை மட்டும் கவனிக்க வேண்டும்.

டிரைகிளிசரைடு 210-க்கு இப்போது தனி மருந்து தேவைப்படாது. மாவுச்சத்து, இனிப்பு, மது, இடுப்புச் சுற்றளவு இவற்றைக் குறைத்தால் அதுவும் சர்க்கரையும் சேர்ந்தே இறங்கும்.

ஒருவேளை நண்பர் தந்ததை ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிட்டு, எத்தனை நாள், எவ்வளவு என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் டெஸ்ட்டும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். குமட்டல், சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே போய்விடுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள், அதில் எந்த வடிவம் இருக்கிறது என்று அவரே பார்த்துக்கொள்வார்.