பள்ளிக்கரணைக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்ததால் என்ன பயன்?

பெயர்ப்பலகையைத் தாண்டி ஏதாவது மாறுமா என்றுதானே கேட்கிறீர்கள்? கொஞ்சம் மாறும்.

2022-இல் தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ராம்சார் என்பது ஈரநிலங்களைக் காப்பதற்காக நாடுகளுக்கிடையே உள்ள ஒப்பந்தம். ஆக்கிரமிப்பாளரை அதுவாக வந்து வெளியேற்றாது. ஆனால் இந்திய அரசின் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகள் ராம்சார் தலங்களுக்கும் பொருந்தும். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, ஆக்கிரமிப்பது, குப்பை கொட்டுவது எல்லாம் அங்கே தடை. வழக்கு போடுகிறவர்களுக்கு இது பெரிய பிடிமானம். பெருங்குடி குப்பைமேடு இந்தச் சதுப்பிலேயே வளர்ந்ததுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

வெள்ளத்துக்கும் இந்தச் சதுப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. என்னைக் கேட்டால், பறவைகளைவிட இதைச் சொன்னால்தான் நம் ஊர்க்காரர்கள் காது கொடுப்பார்கள்.

சரி, பறவை பார்க்கணுமா? மழை ஓய்ந்தபின், பிப்ரவரிக்குள், விடிகாலையில் துரைப்பாக்கம் ரேடியல் சாலைப் பக்கம் போங்கள். லாரி இரைச்சலைச் சட்டை செய்யாமல், நீண்ட விரல்களால் இலைமேல் நடக்கும் இலைக்கோழியைப் பார்க்கலாம். பூநாரை வருவது தண்ணீர் மட்டத்தைப் பொறுத்தது. பைனாகுலர் அவசியம்.