மீனின் முகம் இடப்பக்கம் இருந்தது

போன ஞாயிறு பாறசாலையிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. "சாறே, இவளுக்க அத்தை பெங்களூருல நர்சிங் சீட்டு பேசி வச்சிருக்கு. இவ படம் வரையணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லணும்."

முதலில் நானும் 'பார்க்கலாம், பயப்படாதீங்க' என்றுதான் ஆரம்பித்தேன். பெண் நோட்டை நீட்டியதும் பேச்சை மாற்றிக்கொண்டேன்.

அம்மா, அந்த சீட் வேண்டாம். நர்சிங் நல்ல வேலைதான். ஆனால் ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று பிள்ளையே சொல்கிறாள். அவளுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தால் தவணை கட்டப்போவது அத்தை இல்லை, நீங்கள்.

நோட்டு முழுக்க லட்சத்தீவு. மாமா அங்கே அகத்தித் தீவில் வேலை பார்த்தபோது கொச்சியில் கப்பலேறிப் போய் வந்திருக்கிறாள். தென்னையும் நீலக்கடலும் எல்லாரும் வரைவதுதான், அதைப் புரட்டித் தள்ளிவிட்டேன். சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மாசிக் கருவாடாகக் காயவைப்பதைப் படிப்படியாக வரைந்திருந்தாள். அடுத்த பக்கத்தில் ஒரு மீன்: முகம் இடப்பக்கம், முதுகுத் துடுப்பின் முள்ளை எண்ணி ஓரத்தில் எழுதியிருக்கிறாள், கீழே அளவுகோல். அறிவியல் ஓவியர்கள் மீனை அப்படித்தான் வரைவார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

இப்படி ஒரு தொழில் இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. ஈர மீனைப் படமெடுத்தால் செதில் பளபளத்து விவரம் மறைந்துவிடும். கெடாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்டால் நிறம் வெளுக்கும். அதனால் இன்றைக்கும் ஓவியர் தேவைப்படுகிறார். இடது மேல்மூலையிலிருந்து வெளிச்சம் விழுவதாக வைத்துக்கொண்டு, மெல்லிய பேனாவால் புள்ளி புள்ளியாக நிழல் கொடுப்பார். ஒரு படத்துக்கே பல நாள் ஆகும். பவளத்தைத் தீவிலிருந்து எடுத்துவர வனவிலங்குச் சட்டம் விடாது. வரைந்துதான் கொண்டுவரலாம்! 19-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்கு நம் பக்கத்துச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள்.

படிப்பு? திருவனந்தபுரம் அரசு நுண்கலைக் கல்லூரி, 1888-இல் தொடங்கியது. நாலு வருஷம் பி.எஃப்.ஏ., அதாவது நுண்கலையில் இளங்கலைப் பட்டம். நுழைவுக்கு வரையும் திறன் தேர்வு உண்டு. ஓவியம், சிற்பம், பயன்பாட்டுக் கலை என்று பிரிவுகள். நான் பயன்பாட்டுக் கலையைத்தான் சொல்வேன். புத்தகம், பாடநூல், விளம்பரம் என்று சோற்றுக்கு வழி இருக்கும். ஏனென்றால் அறிவியல் ஓவியத்துக்கென்று மாதச் சம்பள வேலை மிகக் குறைவு, படத்துக்கு இவ்வளவு என்று வாங்குவதுதான் அதிகம். இதை மறைத்துப் பேச மாட்டேன். பாறசாலையிலிருந்து ரயிலில் போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம்.

தனியார் டிசைன் கல்லூரிப் பேச்சே வேண்டாம். மறுபடி தீவுக்குப் போகக் கடன் வாங்குவதும் கூடாது, மக்ளே. திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை படகிலிருந்து மீன் இறங்கும்போது போய் உட்கார். அங்கேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கிறது. வரைந்த மீனின் பேர் சரியா என்று கேட்டுப் பார்.

அத்தைக்கு நானே போனில் பதில் சொல்கிறேன், அம்மா. அதுவரை பெங்களூருக்கு முன்பணம் அனுப்பிவிடாதீங்க.